கால் எடுத்த அம்மா வீடு

ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் வருகிற அம்மா எப்போதும் கதிரையில் உட்கார்ந்துதான் இருப்பார். பின்னால் பச்சைச் சுவர், சுவரில் கோயில் கலண்டர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் மடிப்புக் கலையாத சேலை. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கைபேசியைப் பிடித்திருப்பவர் அண்ணை. அவருடைய பெருவிரல் படத்தின் மூலையில் மொத்தமாகத் தெரியும். விரலை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு கிழமையும் கத்துவேன். விரலைத்தான் கவனித்தேன். யார் வீட்டு அம்மாவும் வீடியோவில் மார்பளவில்தான் வருகிறார், இதில் என்ன இருக்கிறது?

நான் சுவிஸில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். இயந்திரங்களின் சத்தத்தில் நாள் முழுவதும் கத்திக் கதைத்துக் கதைத்து, வீட்டிலும் அப்படியே கத்துகிறேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதற்கு முன்னரும் நான் மெதுவாகக் கதைத்தவள் அல்ல. இந்த ஆவணியில் லீவு கிடைத்தபோது ஊருக்குச் சொல்லாமல் போவதென்று முடிவு செய்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். விமான நிலையத்துக்கு வான் வண்டி பிடித்து ஊரில் பாதி வரும். வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். எனக்கென்று புது விரிப்பு, புதுத் துவாய். கிணற்றுத் தண்ணீர் வெளிநாட்டு வயிற்றுக்கு ஒத்துவராதென்று ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல். குசினிக்குள் கால் வைத்தால் மச்சாள், அதுதான் அண்ணையின் மனைவி, "நீங்கள் போய் இருங்கோ" என்று முன்கூடத்துக்கு அனுப்பிவிடுவார். நான் பிறந்த வீட்டில் நான் விருந்தாளி. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறையாவது கூட்டாத முற்றத்தோடும் எண்ணெய் வைக்காத தலைகளோடும் இவர்களைப் பார்க்க வேண்டும், அந்த வீட்டில் நானும் ஒருத்தி என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கொழும்பிலிருந்து ரயிலில் வந்து காலையில் சுன்னாகத்தில் இறங்கினேன். சந்தைக்கு வெங்காய மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. ஓட்டோக்காரப் பெடியன் ஒருவன் கேட்காமலே என் பையைத் தூக்கி வைத்தான்.

"அக்கா எந்த நாடு?"

"ஏன், நெத்தியிலை எழுதியிருக்கோ?"

"இல்லை, பையிலை எழுதியிருக்கு" என்று விமான நிலையத்துச் சீட்டைக் காட்டிச் சிரித்தான்.

சண்டிலிப்பாய் வந்ததும், வைரவர் கோயிலடியில் திரும்பி இரண்டாவது ஒழுங்கை என்றேன். "ஓ, கால் எடுத்த அம்மா வீட்டு ஒழுங்கை" என்றான்.

"அப்பிடி ஒருத்தரும் அங்கை இல்லை."

"இருக்கினம் அக்கா. வெங்காயத் தோட்டம் செய்யிற அண்ணையின்ரை தாய். சீனி கூடிச் சலரோகம் முத்திப்போய், பொங்கலோடை முழங்காலுக்குக் கீழை எடுத்தது. நான்தானே கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு போறனான். நல்ல பகிடியான மனுசி. மகள்மார் ரெண்டு பேரும் வெளியிலை. ஒருத்தி கனடா, மற்றவ சுவிஸிலையாம்…"

பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். ஒழுங்கை முகப்பில் பையை இறக்கி வைக்கும்போது மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

படலையைத் திறந்தபோது மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைப் போட்டார். "ஐயோ!" என்று ஒரு சத்தம். என்னிடம் வருவாரென்று நினைத்தேன். திரும்பி வீட்டுக்குள் ஓடினார். நான் பையை முற்றத்தில் விட்டுவிட்டுப் பின்னால் போனேன். உள்ளே அம்மா சக்கரம் பூட்டிய சில்லுக் கதிரையில் இருந்தார். மச்சாள் ஒரு போர்வையை எடுத்து அம்மாவின் மடியிலிருந்து நிலம்வரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்க்கிறேன் என்று தெரிந்தும் மூடினார். கை பழகிவிட்டது.

அம்மாதான் அந்தப் போர்வையை விலக்கினார்.

"விடு பிள்ளை, கண்டிட்டாள்" என்று மருமகளுக்குச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சாப்பிட்டியோ மோனை?"

நான் நின்றபடியே நின்றேன்.

"ஏனடி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? ஒரு கால்தானே போனது. இனி ஒரு செருப்புத்தான் தேயும்."

அவரே சிரித்தார். எனக்கு அழுகை வரவில்லை. கணக்குத்தான் ஓடியது. பொங்கலை ஒட்டிச் சில ஞாயிற்றுக்கிழமைகள் அம்மா கைபேசிக்கு வரவில்லை. "தடிமன், குரல் அடைச்சுப்போச்சு, படுத்திருக்கிறா" என்று அண்ணை சொன்னார். நானும் நம்பி, கொத்தமல்லி அவித்துக் கொடுங்கோ, வெறும் வயிற்றில் கொடுங்கோ என்று அதட்டிக்கொண்டிருந்தேன். கால் வெட்டப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மனுசிக்கு நான் கொத்தமல்லி அவிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் இவர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொண்டு "ஓம், ஓம்" என்று கேட்டார்கள்?

அண்ணை தோட்டத்திலிருந்து வரும்வரை நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. முற்றத்துக்கும் கிணற்றடிக்கும் நடந்தேன். மச்சாள் தந்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தேன். அடுத்த வீட்டுக்காரி வேலியால் எட்டிப் பார்த்து, "கடைசியாச் சொல்லிப்போட்டினமோ?" என்று கேட்டாள். அப்போதுதான் விளங்கியது, ஊருக்கே தெரியும். கடைக்காரருக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும். என்னோடு படித்தவள் ஒருத்தி சித்திரையில் வந்து அம்மாவைப் பார்த்துப் பழம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். வைகாசியில் அவள் கைபேசியில் என்னோடு அரைமணி நேரம் சேலை விலை கதைத்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை பேர் சேர்ந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஒருத்திக்காகத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணை வந்தார். கை கால் முழுக்கச் செம்மண். என்னைக் கண்டு அதிர்ச்சிப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வாளியில் தண்ணீர் அள்ளிக் கால் கழுவத் தொடங்கினார். பிறந்ததிலிருந்து நான் 'நீங்கள்' என்று கூப்பிட்ட மனிதன். அன்றைக்கு, "நீ ஒரு மனுசனோ?" என்று கேட்டேன்.

"மெல்லக் கதை. அம்மாவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். ஆரைக் கேட்டு மறைச்சனி?"

"அம்மாவைக் கேட்டு. அவதான் சொன்னா, உனக்குச் சொன்னால், தான் இனி மருந்தே குடிக்கமாட்டன் எண்டு."

"அவ சொன்னால்? உனக்குப் புத்தி எங்கை போச்சு?"

"சரி, சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?" இப்போது அவருக்கும் சூடேறியது. "அங்கை நிண்டு கத்தியிருப்பாய். டொக்டரைப் பேசு, வேறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, என்னத்துக்கு வெட்டவிட்டனி எண்டு விடிய விடிய அடிச்சிருப்பாய். நான் அம்மாவைத் தூக்கிறதோ, உன்ரை ரெலிபோனைத் தூக்கிறதோ?"

"கத்தியிருப்பன்தான். என்ரை தாய்க்குக் கால் போகேக்கை கத்திறதுக்கு எனக்கு உரிமை இல்லையோ?"

"நீ பெரிய உத்தமி. போன வருசம் பனிக்குள்ளை விழுந்து கை முறிஞ்சதை எங்களுக்குச் சொன்னனியோ? கட்டுப் போட்ட கையைக் கீழை விட்டுக்கொண்டு எங்களோடை கதைச்சனி. ஆரோ கலியாணவீட்டுப் படத்திலைதான் நாங்கள் அந்தக் கட்டைக் கண்டது."

"கையும் காலும் ஒண்டோ?"

"இல்லை" என்றார் அண்ணை. வாளியைக் கவிழ்த்து வைத்தார். "கை பொருந்தும்."

அவர் உள்ளே போய், அம்மாவை அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். அம்மா அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல, வெங்காய மூட்டை இல்லை நான்" என்றார். இரண்டு பேரும் இதை ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நான் மேசையின் மறுபக்கத்தில் நின்றேன். எனக்கு அதில் பிடிக்க ஒரு இடம் இருக்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கள் சனத்திடம் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். வெளியில் போனவர்களுக்கு விசா இல்லாத காலம் ஒன்று இருந்தது. தகப்பன் செத்தாலும் வர முடியாது. கேட்டு என்ன செய்வது, நாலு சுவருக்குள் தனிய இருந்து அழுவதைத் தவிர? அதனால் சொல்லாமல் விட்டார்கள். அது இரக்கம், நான் மறுக்கவில்லை. ஆனால் விசா வந்து எத்தனையோ காலம். நினைத்தால் மறுநாள் விமானம் ஏறலாம். பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அது இரக்கமில்லை. சொல்லாமல் விடுவது சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான். எங்களுக்கு நல்ல சேதி அனுப்புவார்கள், நாங்கள் பெட்டியில் சொக்லேட் அனுப்புவோம். நல்ல ஏற்பாடு.

அடுத்த நாட்களில் நான் ஒரு இடத்தில் இருந்த ஞாபகம் இல்லை. மச்சாளின் கையிலிருந்து எல்லாவற்றையும் பறித்தேன். அம்மாவைக் குளிப்பாட்டுகிறேன் என்று போய், கதிரையின் சில்லைப் பூட்ட மறந்து, அம்மா கிணற்றடியில் வழுக்கிப் போகப் பார்த்தார். "கால் போனது காணாதோ, தலையும் போகோணுமோ?" என்று அவர் சிரித்தார். மச்சாள் வந்து சில்லைப் பூட்டினார். கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பேன் என்று பிடிவாதமாகக் குடித்து ஒரு நாள் வயிற்றோட்டத்தோடு கிடந்தேன். மாலையில் அண்ணை தண்ணீர்ப் போத்தல் வாங்கிவந்து என் தலைமாட்டில் வைத்தார். எழும்பிப் போய் அதைக் குசினியில் வைத்தேன். திரும்பக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கனடாவில் இருக்கும் தங்கச்சியின் முறை. காலையிலிருந்து வீட்டில் ஒரு அவசரம். மச்சாள் அம்மாவுக்குத் தலை வாரினார். நல்ல சேலை வந்தது. பச்சைச் சுவருக்கு முன்னால் சாதாரணக் கதிரையைப் போட்டு, அண்ணை அம்மாவைத் தூக்கி அதில் இருத்தினார். சில்லுக் கதிரை அறைக்குள் போனது. எனக்காக இத்தனை மாதம் செய்த வேலையை இப்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கதிரையை உதைத்துத் தள்ளலாம் போல இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, அவளுக்குச் சொல்லிப்போடாதை. வயித்திலை ஏழு மாசம். போன பிள்ளையும் தங்கேல்லை, தெரியும்தானே."

தெரியும். எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பிள்ளை கலைந்தபோது தங்கச்சி என்னிடம்தான் அழுதாள். ஆனாலும் சொல்லமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

கைபேசி அடித்தது. முதலில் அம்மா கதைத்தார். பிறகு அண்ணை கைபேசியை என் பக்கம் திருப்பினார். தங்கச்சி கூவினாள். "அக்கா! நீ அங்கையோ? களவாய்ப் போயிருக்கிறாய்!" சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, கொஞ்சம் அங்காலை வா. அம்மாவின்ரை முகம் ஏன் அப்பிடி வத்திப்போய்க் கிடக்கு? அண்ணையைக் கேட்டால் மழுப்புவார். நீ மறைக்கமாட்டாய். உண்மையைச் சொல்லு."

நான் கைபேசியோடு முற்றத்துக்கு வந்திருந்தேன். அண்ணை வாசலில் நின்றார். என்னைத் தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய முகத்தில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. களைப்புத்தான் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த மனிதன் இப்படித்தான் நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் நினைத்தேன். என் கேள்விக்கும் அம்மாவின் பேச்சுக்கும் நடுவில், தனியாக.

"என்னத்தைச் சொல்ல? வயசு போகுது, வத்தத்தானே செய்யும்" என்றேன். "நேற்றுக் கிணத்தடியிலை நிண்டு என்னோடை சண்டை. நீ உன்ரை வயித்தைப் பார்."

'நிண்டு' என்றேன், ஒற்றைக் காலோடு இருப்பவரை. அந்தச் சொல் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. தங்கச்சி நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. உள்ளே வந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு நான் சொல்லுவன். நீங்கள் மருந்து குடிக்காட்டியும் சொல்லுவன்." அண்ணை அம்மாவைத் தூக்கக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "அந்தப் பக்கம் பிடி" என்றார். "இடுப்படியிலை, நாரியைப் பிடி. கையைப் பிடிச்சு இழுக்காதை." பிடித்தேன். அம்மா நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தார்.

தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்து சுகமாக இருக்கிறது. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த மறுநாள் சலவைக்கூடத்து வாசலில் நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைக்கவில்லை. கால் எடுத்ததையும், எப்போது எடுத்தார்கள் என்பதையும், நான் அவளுக்குப் பொய் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கத்தினாள். நான் அண்ணையைக் கேட்டதை எல்லாம் அவள் என்னைக் கேட்டாள், இன்னும் மோசமாகவும் கேட்டாள். நான் இடையில் கதைக்கவில்லை. அவள் கோபம் நியாயமானது. நாங்கள் செய்தது சரியென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் ஒன்று கேட்டாள்.

"நீயும் போய் அவையளோடை சேர்ந்திட்டாய், என்ன?"

அவள் என்னைத் திட்டுவதற்காகத்தான் அதைச் சொன்னாள்.

"ஓம்" என்றேன்.