நண்டு மூடி

அப்பாவின் பழைய சீமைக் காருக்குப் பிஸ்டனும் ரிங்கும் கோயம்புத்தூரில் கிடைத்தன. பேரிங்கை மதுரையில் ஒரு இரும்புக் குவியலைக் கிண்டி எடுத்தேன். எல்லாவற்றையும் வெர்னியர் வைத்து அளந்து, நோட்டில் படம் வரைந்து எடுத்துக்கொண்டு போவேன். வண்டியின் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அளவைச் சொன்னால் எழுந்து உள்ளே போய்த் தேடுவார்கள். ரிட்டையராகி வீட்டில் சும்மா கிடந்த எனக்கு அந்த மரியாதை வேண்டியிருந்தது. கடைசியில் பாக்கி நின்றது டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஒன்றுதான்.

இன்ஜினில் நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் சாமான் அது. உள்ளங்கைக்குள் அடங்கும், பழுப்பு நிறம். பிற்பாடு வந்த மூடிகளில் ஒயர் உச்சியில் இறங்கும். எங்களுடையதில் பக்கவாட்டில் நுழையும். ஒயர்களோடு கழற்றித் தரையில் வைத்தால் கால் பரப்பிய நண்டுதான். நானும் தம்பியும் அதற்கு நண்டு மூடி என்று பெயர் வைத்திருந்தோம். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அதைக் கீழே போட்டு உடைத்தவன் தம்பி. அவனுக்கு அப்போது இருபது வயது. தெருவே பார்க்கக் கன்னத்தில் அறைந்தேன். இனி இந்தக் காரைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றேன். மறுநாள் காலை, மேகமலை எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அங்கே அவன் போய்ச் சேரவே இல்லை. ஒவ்வொரு எஸ்டேட்டாகத் தொழிலாளர் லைன் வீடுகளில் விசாரித்து ஓய்ந்தோம். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. எனக்கு முன்கோபம் என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். அந்த ஒரு அறையை நினைக்காமல் நான் தூங்கிய நாள் குறைவு.

போடியில் பழைய ஸ்பேர் விற்கும் கடைக்குப் போன் போட்டேன். இன்னும் ஒயர் வைத்த போனையே வைத்திருக்கும் கடை. ஒயர் பக்கவாட்டில் நுழைகிற மாதிரி மூடி வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அந்த நண்டு மூடியா? போன வாரத்துல இருந்து ஒருத்தரு போன்ல கேட்டுக்கிட்டே இருக்காக. இல்லைன்னுட்டேன்" என்றார் கடைக்காரர்.

நான் நண்டு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. பெயர் சொன்னார்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

மனைவியிடம் போய்ச் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை நேத்தும் சொன்னீக" என்றாள்.

போன் போட்டதே இப்போதுதானே, நேற்று எப்படிச் சொல்வேன் என்று எரிந்து விழுந்தேன். அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

அடுத்து சின்னமனூரில் ஒரு மெக்கானிக்குக்குப் பேசினேன். எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்தவர். இப்போது கண்ணில் புரை, நம்பர் பார்க்காமலே போனை எடுப்பார். "நாலு நாளைக்கு முன்ன ஒருத்தரு இதையேதான் கேட்டாக. குரலு அப்படியே ஒங்க குரலு. ஆண்டிபட்டில மெயின் ரோட்டு இரும்புக் கடையில பாக்கச் சொன்னேன்" என்றார்.

தம்பிக்கும் எனக்கும் ஒரே குரல். வாசலில் நின்று கூப்பிட்டால் அம்மாவே ஆள் மாற்றிப் பதில் சொல்வாள். ஆனால் கார் என் வீட்டில் நிற்கிறது, அவனுக்கு மூடி எதற்கு? யோசித்ததும் விளங்கிவிட்டது. ரோஷக்காரன். உடைத்ததை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறுவான். சந்தோஷத்தில் அழுகை வந்தது. கூடவே பயமும் வந்தது. நான் தட்டும் ஒவ்வொரு கதவையும் எனக்கு முன்னால் ஒருவன் தட்டிவிட்டுப் போகிறான், முகம் காட்டாமல்.

மறுநாள் பஸ் பிடித்து ஆண்டிபட்டிக்குப் போனேன். உச்சி வெயில், ரோட்டில் ஆளே இல்லை. இரும்புக் கடைக்கு எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. அதுவரை போகாத இடத்துக்குக் கால் தானாக நடந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

கடைக்காரர் என்னைக் கண்டதும், "வாங்க, வெயில்ல மறுபடி வந்துட்டீகளா?" என்றார். வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறார் போல என்று விட்டுவிட்டேன்.

"நண்டு மூடி கேட்டு ஒருத்தர் வந்தாரா?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். மூடியின் படம், நாலு பக்கமும் அளவு. கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தப்பாக எழுதி அடித்து, மேலே திருத்தியிருந்தது. பையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். நடுவில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. தாளை வைத்துப் பார்த்தேன். கிழிசல் கிழிசலோடு சேர்ந்தது.

"செவ்வாக்கிழம நீங்கதான குடுத்தீக. இந்தா, இதே ஸ்டூல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தீக" என்றார் மெதுவாக.

செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பார்த்தேன். திங்கள் இருந்தது, புதன் இருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. எனக்கு முன்னால் போடிக்குப் போன் போட்டவனும் நான்தான், சின்னமனூருக்குப் பேசியவனும் நான்தான். கத்தரிக்காயோடு என்னைப் பார்த்த மனைவியின் முகம் அப்போதுதான் புரிந்தது. இந்த ரெண்டு நாளாகத் தம்பி எனக்கு உயிரோடு இருந்தான். அங்கே நின்றபடி அவனை இரண்டாம் தடவை தொலைத்தேன்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கமும் என் கையெழுத்துதான். 'தம்பி வந்தால் இருக்கச் சொல்லவும். அண்ணனுக்குக் கோபம் இல்லை.'

"தண்ணி குடிக்கிறீகளா? வீட்டுக்குப் போன் போட்டு யாரையும் வரச் சொல்லவா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இருக்கச் சொல்லித்தானே எழுதியிருக்கு. இருக்கேன்" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.