விறகாய்ப் போன துலா

நம் நாடு விவசாய நாடு என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான்.

இறைப்பு மெசின் வாங்கிய கையோடு என் ஐயா, ஆள் ஏறி மிதித்து இறைக்கும் எங்கள் கிணற்றடித் துலாவை வெட்டி விறகாக்கினார். தன் துலாவை வெட்டாத அயல் தோட்டக்காரரிடம், “உந்தத் துலாவை வச்சுக் கும்பிடப்போறியளோ?” என்று நக்கலும் அடித்தார். பிறகு போர் மூண்டு, மெசின் ஓடத் தேவையான மண்ணெண்ணெய் வடக்குக்கு வரத் தடை விழுந்தது. மெசினைச் சாக்கால் மூடினோம். வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளானது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஐயா அயல் தோட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கேயும் வெங்காயம் வாடிக் கிடந்தது.

“அண்ணை, உங்கடை துலாவிலை எங்களுக்கும் ஒருக்கா இறைக்க விடுவியளோ?”

“ஓம், இறை. ஆனா ஏறி மிதிக்க ஆள் வேணுமே. மூண்டு பெடியளைப் பெத்தனான். ரெண்டு பேரின்ரை படம் சுவரிலை தொங்குது. மற்றவன் எங்கையெண்டே தெரியாது.”

ஐயா துலாவில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து மிதித்தார். நான் கீழே நின்று, கிணற்றிலிருந்து மேலே வந்த பனையோலைப் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினேன். முதலில் அவருடைய வெங்காயத்துக்கும் பிறகு எங்களுடையதுக்கும் ஓடியது.

அந்த மாதமே ஐயா என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். அதன் பிறகு பட்டை பிடித்தது யார் என்று ஒரு கடிதத்திலும் நான் கேட்கவில்லை.