சங்கிலி வேண்டாம் என்றவள்

பால் கட்டிப் புளித்த ரவிக்கையின் வாடைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசியில், நான் ஐந்தாவது படித்தபோது, தம்பி பிறந்த சில வாரங்களில் அம்மா குளிப்பதை விட்டாள், சாப்பிடுவதை விட்டாள், தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழ, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நாகல் நகரில் எங்கள் தெருவுக்கு அது போதும். முதலில் "பேய் பிடிச்சிருக்கு" என்றார்கள். பிறகு அதுவும் அலுத்து "லூசு" என்று பெயர் வைத்தார்கள். எதிர்வீட்டு அமலி அத்தை, தினமும் எங்கள் அடுப்படியில் காபி குடித்தவள், சர்ச்சில் ஞாயிறு பூசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகளை இழுத்துத் தள்ளி உட்கார வைத்தாள். ஒட்டிக்கொள்ளுமாம்.

அப்பாவின் அண்ணன், பெரியப்பா, ஏதோ ஒரு ஜெபவீட்டில் சங்கிலி போட்டு வைத்தால் தெளிந்துவிடும் என்றார். அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். குனிந்த தலையோடு சரி என்றார். அவரையும் நான் விடப்போவதில்லை. பெரியப்பா வேன் கொண்டுவந்த காலையில், அத்தனை நாள் வாய் திறக்காத அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சங்கிலி வேணாம். எனக்குச் சீக்கு. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

அன்று அந்தத் தெருவில் தெளிவாகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அப்பா அதே வேனை மதுரைக்கு விடச் சொன்னார். பிள்ளை பெற்ற சிலருக்கு இப்படி வருவதுண்டு, மாத்திரையில் சரியாகும் என்றார் டாக்டர். மெதுவாகத்தான், ஆனால் சரியாயிற்று. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, தம்பியைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குத்தான் குணமாகவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா கொடுத்தனுப்பிய அதிரசத்தை, நாங்கள் பார்த்திருக்கும்போதே அமலி அத்தை நாய்க்குப் போட்டாள். அம்மா வாசலுக்கு வந்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னாள்:

"ஆமா, மனசுக்குச் சீக்கு வந்துச்சு. மாத்திரை சாப்பிடுறேன். காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தா வாங்கியிருப்பேல்ல?"

அமலி அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில வருஷம் கழித்து, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அமலி அத்தையின் மகள் அறையை விட்டு வெளியே வராமல், தனக்குத்தானே பேசத் தொடங்கினாள். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள், டாக்டர் விலாசம் கேட்டு.

"எதுக்குப் பின்னாடி வார? முன்னால வா, அமலி," என்ற அம்மா, சேலை மாற்றிக்கொண்டு அவர்களோடு மதுரை பஸ் ஏறினாள். அந்த அக்கா பிழைத்துக்கொண்டாள். இன்று வேலைக்குப் போகிறாள். அம்மா மன்னித்துவிட்டாள். அது அவள் பெருந்தன்மை. எனக்கு அது வாய்க்கவில்லை.

போன வருஷம் அம்மா இறந்தாள். ஓட்டு வீடுகள் மாடிகளாகிவிட்ட அந்தத் தெருவே திரண்டு வந்து, "தங்கமான மனுசி" என்று அழுதது. தாங்கள் வைத்த பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது. அழுது ஓய்ந்து பேச்சு எங்கெங்கோ போனபோது, கோடிவீட்டுப் பெண்ணைக் காட்டி ஒருத்தி, "அது கொஞ்சம் மென்டல்" என்றாள்.

அப்படிச் சொன்னவளை, துக்கத்துக்கு வந்தவள் என்றும் பார்க்காமல், எழுந்து வெளியே போகச் சொன்னேன்.