கேனுக்குள் வராத ஷிப்ட்

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். கிரியேட்டினின் கிளியரன்ஸ் டெஸ்ட்டுக்கு இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் மொத்தமும் வேண்டும். ரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவைக் கிட்னி எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அதில்தான் தெரியும். கேனைக் கையில் கொடுத்து, சொட்டு விடாமல் பிடியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். பாதிப் பேர் பாதிதான் கொண்டுவருவார்கள்.

மாரியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் கான்ட்ராக்ட் வேலை, ஹாஸ்டல் வாசம். அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்திருந்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் சென்னை டாக்டர் இந்த டெஸ்ட்டைக் கேட்டிருந்தார்.

ரிசல்ட் ரொம்பக் குறைவாக வந்தது. சொன்னேன். தனக்கு என்ன வியாதி என்று அவள் கேட்கவே இல்லை.

"அப்போ அண்ணனுக்குக் குடுக்க முடியாதாக்கா?"

அந்தக் கேள்விதான் என்னை மறுபடி பேப்பரைப் பார்க்க வைத்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் நார்மல். கிட்னி பழுதென்றால் அங்கே ஏறியிருக்க வேண்டுமே! சிறுநீரில் வந்த மொத்தக் கிரியேட்டினின்தான் அவள் எடைக்குப் போதவில்லை.

"உண்மையச் சொல்லு. எல்லாத்தையும் கேன்ல பிடிச்சியா?"

"ஹாஸ்டல்ல போனது எல்லாம் இருக்குக்கா. கம்பெனில போனதத்தான்... கேனத் தூக்கிட்டு எப்படிக்கா கேட்டுக்குள்ள போவேன்? செக்யூரிட்டி எல்லாம் ஆம்பளைங்க."

ஒரு ஷிப்ட் முழுவதும் கேனுக்குள் வரவில்லை! கோபம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம். லீவு போட்டுப் பிடி என்றேன். ஷிப்மென்ட் நேரம், லீவு கேட்டால் வேலையே போய்விடும் என்று அழுதாள். சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார் என்று அனுப்பினேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் அவளோடு அந்த சூப்பர்வைசர் அம்மாவே வந்துவிட்டார். சேரப்பணஞ்சேரிக்காரர். கேனை மேஜையில் வைத்ததும் அவர்தான்.

"நானே எட்த்துகினு போனேம்மா. செக்யூரிட்டி, 'இன்னா மேடம் இது?'ன்னான். 'மூத்திரம் புடிக்கிற கேனு. இந்தப் பொண்ணு அண்ணனுக்குக் கிட்னி குடுக்கப் போவுது. இன்னும் எதனா தெரியணுமா?'ன்னேன். கம்முனு வுட்டுட்டான்."

அதோடு நிற்கவில்லை. மாரியம்மாள் பாத்ரூம் போனபோதெல்லாம் அவள் இடத்தில் உட்கார்ந்து லைன் நிற்காமல் பார்த்துக்கொண்டாராம். கேனை ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. எந்த மேனேஜரையும் பார்த்து எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இந்த முறை கிளியரன்ஸ் அருமையாக வந்தது. தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்றைய டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்வேன். ரிசல்ட் குறைந்தால் கிட்னியைச் சந்தேகப்படும் முன், அந்தக் கேன் எந்த வாசலில் நின்றுபோனது என்று கேளுங்கள். கேட்காமல் விட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து பல மாதம் கழித்து மாரியம்மாள் செக்கப்புக்கு வந்தாள். கையை வீசிக்கொண்டு வந்தாள். பின்னால் ஓர் ஒல்லி ஆள், கேனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க அண்ணன்க்கா" என்றாள்.