கம்பத்து வெயிலில் நான் காக்க வைத்தவர்

சென்ற மே மாதம் இரண்டாவது வாரம், மூன்று நாள் விடுப்பில் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போனேன். திராட்சைத் தோட்டங்களைப் படம் எடுப்பதுதான் நோக்கம். போக நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் நேரம், தூரம், செலவு எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் இதை எழுதி முடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்தப் பயணத்தில் ஒருவர் இறந்துபோனார். அதில் என் பங்கும் இருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த ரயில் தேனியில் என்னை இறக்கிவிட்டபோது காலை எட்டே முக்கால். அல்லிநகரத்தில் ஒரு கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் கம்பம் பேருந்தில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்தான். சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. இரண்டு பக்கமும் மலை, வழியெல்லாம் தென்னையும் வாழையும். பார்க்கக் குளிர்ச்சியாக இருந்ததே தவிர, ஜன்னல் வழியாக வந்த காற்று முகத்தைச் சுட்டது. வெளியே அலைய வேண்டாம் என்று கைப்பேசியில் வெயில் எச்சரிக்கை வந்திருந்தது. படித்தேன், தள்ளிவிட்டேன். மலையடிவாரத்தில் என்ன பெரிய வெயில் இருக்கப்போகிறது என்று நினைப்பு.

கம்பத்தில் ஆட்டோ நிறுத்தத்தில் மூன்று பேர் வர மறுத்தார்கள். நான்காவது ஆள் செல்லத்துரை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு, காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"காமயகவுண்டன்பட்டிப் பக்கம் தோட்டம் பாக்கணும், அவ்வளவுதானே சார்? வெயிலு தாழட்டும். நாலு மணிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"உச்சி வெயில்லதான்ணே இலைக்கு நடுவுல வெளிச்சம் நல்லா விழும். இப்பவே போகணும்."

கொஞ்சம் யோசித்தார். "சரி, ஏறுங்க" என்றார். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. அதையே அன்றைக்கு என் பெருந்தன்மையாக எண்ணிக்கொண்டேன்.

ஆறு கிலோமீட்டர் தாண்டி, ஒரு தோட்டத்துக்கு முன்னால் மண்பாதையில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது. செல்லத்துரை சற்றுத் தள்ளியிருந்த புளியமரத்தைக் காட்டினார். "அங்கன போய் நிப்பாட்டிக்கிறவா சார்?"

என் பெரிய பை ஆட்டோவில் இருந்தது. லென்ஸ்கள், மடிக்கணினி எல்லாம் அதில்தான். "வேண்டாம்ணே, எனக்குக் கண்ணுல படுற மாதிரி இங்கேயே நில்லுங்க" என்றேன். காரணம் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். முகத்தில் எதையும் காட்டாமல், "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே நல்ல நிழல். வேலை செய்பவர்கள் விடிவதற்கு முன்பே வந்து பத்து மணிக்கெல்லாம் போய்விட்டிருந்தார்கள். ஈஸ்வரி என்ற அம்மாவும் அவர் கணவரும் மட்டும் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "முன்னெல்லாம் இங்கன இம்புட்டு வெயிலு கெடையாது தம்பி. இந்த வருசந்தான் உசுர வாங்குது" என்று சொல்லி, ஈஸ்வரி ஒரு கொத்துப் பழம் பறித்துக் கொடுத்தார். படம் எடுத்தேன், பழம் தின்றேன், என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தேன். இடையிடையே பாதையை எட்டிப் பார்த்தேன். பை இருந்தது.

திரும்பி வந்தபோது மணி இரண்டு பத்து. செல்லத்துரை ஆட்டோவை விட்டு இறங்கித் தள்ளாடிக்கொண்டு நின்றார். கண் எங்கேயோ பார்த்தது. நாக்கு குழற, "ராணி, மாட்டப் புடிச்சுக் கட்டு... மழ வருது" என்றார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"குடிச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கைப்பேசியை எடுத்து அவர் தள்ளாடுவதையும் பேசுவதையும் வீடியோ எடுத்தேன். ஆட்டோ நிறுத்தத்தில் காட்டி நியாயம் கேட்க வேண்டும் என்பது எண்ணம். பிறகு வேறு ஆட்டோவுக்கு ஆள் தேடிப் போன் செய்துகொண்டிருந்தேன். அவர் மண்ணில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். கால் மணி நேரம் இப்படிப் போனது.

போனில் நான் போட்ட சத்தம் கேட்டுத்தான் ஈஸ்வரி ஓடிவந்தார். செல்லத்துரையின் நெற்றியில் கை வைத்ததும் வெடுக்கென்று எடுத்துவிட்டார். "குடிச்ச ஆளா இது? ஒடம்பு அடுப்பாக் கொதிக்குது! ஒரு பொட்டு வேர்வ இல்ல. ஏய்யா, ஓடியா, தூக்கு!"

மூன்று பேருமாகத் தூக்கிப்போய் மோட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் நிழலில் கிடத்தினோம். ஈஸ்வரி சட்டையைக் கழற்றிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். அவர் கணவர் 108-க்குப் போன் செய்தார். இரண்டே முக்காலுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. கம்பத்தில் முதலுதவி செய்து, தேனி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நானும் கூடவே போனேன்.

"எப்ப இருந்து இப்படி மாத்திப் பேசினார்?" என்று அங்கே மருத்துவர் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் இருக்கும் சார். உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டோம்" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை செல்லத்துரை இறந்துவிட்டார். வார்டு வாசலில் அவர் மனைவி ராணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்ததுனாலதான் ஆசுபத்திரி வரைக்குமாச்சும் வந்தாக" என்று அழுதார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கே ரயில் ஏறிவிட்டேன். வழியில் அந்த வீடியோவை அழித்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

நீங்கள் போவதாக இருந்தால், மே மாதத்தை விட்டுவிடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் தோட்டங்களைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு வாங்கும் தண்ணீரை வண்டி ஓட்டுபவருக்கும் சேர்த்து வாங்குங்கள், அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். வெயிலில் இருந்த ஒருவர் திடீரென்று குழறினாலோ தள்ளாடினாலோ குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். தொட்டுப் பாருங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அந்தக் கால் மணி நேரம்தான் ஒருவேளை எல்லாமே.

டிசம்பரில் மறுபடி கம்பம் போனேன். ஊர் அப்போது அவ்வளவு இதமாக இருந்தது. ராணியின் வீட்டைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். பை, புளியமரம், மருத்துவரிடம் சொன்ன பொய், வீடியோ. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்த வீடியோ இருக்கா சார்?"

"இல்லம்மா. அழிச்சிட்டேன்."

"அதுல என் பேரச் சொல்லிக் கூப்புட்டாகண்டு சொன்னீகளே" என்றார். "வச்சிருந்தா, ஒருக்காக் கேட்டிருப்பேன்."