பின்சக்கர நட்டு

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் அந்த பைக் சர்வீஸ் சென்டரில் மாரிசெல்வி சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஐ.டி.ஐ. மெக்கானிக் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்தும் ஒன்பது மாதம் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றினாள். பிறகு இங்கே ஸ்கூட்டர் கழுவுகிற வேலை கிடைத்தது. கழுவிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இப்போது புது ஸ்போர்ட்ஸ் பைக் எது வந்தாலும் முதல் சர்வீஸ் அவளுக்குத்தான். "மாரி கை வச்ச வண்டி திரும்பி வராது" என்று சூப்பர்வைசர் பீர் மைதீன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்க அவளுக்கும் உள்ளூரப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வெள்ளத்துரை வந்தார். பனவடலிசத்திரத்துக்காரர், ரேஷன் கடையில் வேலை, ஐம்பத்திமூன்று வயது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக்கில், தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.

"ஆயிரம் கிலோமீட்டர் ஆயிட்டு. அம்பதுக்கு மேல ஒரு நாளும் போகல. சைக்கிள்காரன் தவிர எல்லாவனும் என்னைய முந்திட்டான்" என்றார்.

மாரிசெல்விக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க அண்ணாச்சி. எஞ்சின் பழகுற வரைக்கும் அப்படித்தான் ஓட்டணும்."

பழைய ஆயிலை வடித்துத் தட்டில் காட்டினாள். கறுத்த எண்ணெயில் வெள்ளித் தூள் போல ஏதோ மினுங்கியது. அவர் பதறினார்.

"புது எஞ்சின்ல பல்லும் பல்லும் உரசிச் சேரும்போது வர்ற பொடி. இந்த ஒரு தடவை வரும். இதை வெளியேத்தத்தான் முதல் சர்வீஸே."

ஆயில் வடிக்கும் போல்ட்டை டார்க் ரென்ச் வைத்து முடுக்கினாள். ஒவ்வொரு போல்ட்டையும் இவ்வளவுதான் இறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அந்த அளவைக் கைப்பிடியில் வைத்துவிட்டால், எட்டியதும் ரென்ச் 'டிக்' என்று சொல்லும். ஃபில்டர் மாற்றினாள். பிரேக், கூலன்ட், டயர் காற்று எல்லாம் பார்த்தாள். கடைசியாகச் சங்கிலி. கொஞ்சம் தொய்ந்திருந்தது. பின்சக்கரத்தின் பெரிய நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்திச் சரிசெய்தாள். நட்டைக் கையால் திருகி நிறுத்திய நேரம் பீர் மைதீன் குரல் கொடுத்தார்.

"மாரி, முன்னாடி ஓடியா. ஒருத்தர் வண்டி ஸ்டார்ட் ஆகலன்னு சத்தம் போடுதாரு."

அதைப் பார்த்துவிட்டு வந்தபோது சிவப்பு பைக் கழுவுகிற இடத்துக்குப் போயிருந்தது. வேலை முடிந்தது என்று யாரோ தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அவளுக்கும் முடிந்தது என்றுதான் பட்டது. சர்வீஸ் சீட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியை அவளே கொடுத்தாள்.

"இனிமே கொஞ்சம் வேகமாப் போலாமா?"

"எம்பது வரைக்கும் போங்க அண்ணாச்சி."

பிள்ளையைப் போலச் சிரித்துக்கொண்டு போனார்.

கால் மணி நேரம் கழித்து அடுத்த வண்டிக்காக ரென்ச்சைக் கையில் எடுத்தாள். கைப்பிடியில் இருந்த எண் இருபத்துநாலு. ஆயில் போல்ட்டுக்கு வைத்தது. பின்சக்கர நட்டுக்குத் தொண்ணூறு வைக்க வேண்டும். வைத்திருந்தால் இப்போது தொண்ணூறுதான் காட்டும்.

வெள்ளத்துரையின் நம்பரைத் தேடி எடுத்தாள். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. பீர் மைதீனிடம் சொன்னாள்.

"வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு. ஊர் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாரு, நாளைக்கு வரச் சொல்லிருவோம்" என்றார் அவர். குரலில் தெம்பு இல்லை.

"ஊர் போய்ச் சேரணும்லா பாய்."

ரென்ச்சையும் சாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு தன் ஸ்கூட்டரை எடுத்தாள். ஊரைக் கடந்து திருநெல்வேலி ரோட்டைப் பிடித்ததிலிருந்து கண் ரோட்டோரத்திலேயே இருந்தது. எம்பதில் போகச் சொன்னது யார்? நான்தானே. ஒரு வளைவில் பத்துப் பேர் கூடி நின்றார்கள். ஸ்கூட்டரை முறுக்கினாள். பக்கத்தில் போனால், ஷேர் ஆட்டோ ஒன்று பஞ்சராகி நின்றது.

மேலநீலிதநல்லூர் டீக்கடை வாசலில் சிவப்பு பைக் நின்றது. சுற்றி நாலைந்து பேர். வெள்ளத்துரை டீ கிளாஸோடு கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏ, இந்தப் பிள்ளைதான் சர்வீஸ் பண்ணுச்சு! எம்பது தொட்டேம்மா, மிதக்குற மாதிரி இருந்துச்சு!"

அவள் நேரே போய்ப் பின்சக்கரத்தருகே மண்டியிட்டாள். ரென்ச்சில் தொண்ணூறு வைத்துப் பிடித்தாள். நட்டு இளகிச் சுற்றியது. கிட்டத்தட்ட முக்கால் சுற்று போன பிறகுதான் 'டிக்' கேட்டது. சங்கிலியை மறுபடி சரிபார்த்து, இன்னொரு தடவை முடுக்கினாள்.

"என்னம்மா இது?"

சும்மா ஒரு செக்கிங் என்று சொல்லிவிடலாம். அங்கே நின்ற எவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"பின்சக்கர நட்டை நான் முடுக்காம விட்டுட்டேன் அண்ணாச்சி. கையால திருகினதோட விட்டுட்டேன். என் தப்புதான்."

வெள்ளத்துரை கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தார். வெகுநேரம் சக்கரத்தையே பார்த்தார்.

"என் வீட்டுக்காரி தங்கத்தாய் இந்த வண்டியே வேண்டாம்னா, பாத்துக்கோ" என்றார் கடைசியில். பிறகு எழுந்தார். "எல்லாத்தையும் திரும்பப் பாரு. என் கண்ணு முன்னால. ஒண்ணு விடாத."

அரை மணி நேரம் அந்த வெயிலில் அவள் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் குனிந்து 'டிக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டார். வையவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நாற்பதில் போனார்.

"ஏன் சொன்ன? முடுக்கிட்டுப் பேசாம வந்திருக்கலாம்லா" என்று கேட்டார் பீர் மைதீன், அவள் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும்.

"அந்த வண்டியில போறது அவருதான பாய்."

கம்பெனியிலிருந்து சேவை எப்படி என்று கேட்க போன் செய்தபோது, வெள்ளத்துரை நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். மாரிசெல்வியை ஸ்போர்ட்ஸ் பைக் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் ஸ்கூட்டர்தான். முதல் வாரம் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. ஆத்திரம் வந்ததா என்றால் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. அந்த முக்கால் சுற்றுதான் கைக்குள்ளேயே இருந்தது. ஒருத்தர் முடுக்கினால் இன்னொருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை வண்டி நகரக் கூடாது என்று அவளே போய்க் கேட்டாள். பீர் மைதீன் முனகினார். ஆனால் வேலை நடக்கிற நேரம் முன்வாசலுக்கு யாரையும் கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டார்.

இரண்டாம் சர்வீஸுக்கு வெள்ளத்துரை வந்தார். வேறு மெக்கானிக் வந்து சாவியை வாங்கப் போனார். வெள்ளத்துரை கொடுக்கவில்லை. ஸ்கூட்டர் பக்கம் இருந்த மாரிசெல்வியைக் கைகாட்டினார்.

"அந்தப் பிள்ளை பாக்கட்டும். நான் பக்கத்துல நிப்பேன்."

நின்றார். ஒன்றரை மணி நேரம், நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். மாரிசெல்விக்கு அது குறையாகப் படவில்லை. வழக்கத்தைவிட மெதுவாகவே வேலை செய்தாள். நடுவில் ஒரே ஒரு தடவைதான் அவர் பேசினார்.

"சங்கிலிக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா எண்ணெய் போடணும்?"

"ஐந்நூறுக்கு ஒருக்கா, அண்ணாச்சி. மழையில போனீங்கன்னா அன்னைக்கே."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி அவள் கையைப் பார்க்கத் தொடங்கினார்.