ஹவுகெட்டோவில் நடந்த கனடாத் தேர்தல்

கனடாவில் நடந்த தேர்தலுக்கு ஒஸ்லோவிலிருந்து பிரசாரம் செய்த ஒரே ஆள் என் அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். வேறு யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்!

2006 பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னர்தான் சேதி வந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கத்துத் தொகுதியொன்றில் நாடாளுமன்றத்துக்கு நிற்கிறாராம். எங்கள் வீட்டிலோ சின்னம்மாவின் பேச்சையே எடுக்கக்கூடாது. முன்பு அவர் எங்களோடுதான் ஒஸ்லோவின் ஓரத்து ஹவுகெட்டோ வீட்டில் இருந்தார். அம்மா அவருக்குப் பேர்கன் நகரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, சம்மதம் என்று சொல்லியும் விட்டார். சின்னம்மா ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டு, தான் விரும்பியவரைக் கட்டக் கனடாவுக்குப் போய்விட்டார். அன்றோடு இருவருக்கும் கதை பேச்சில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. இறங்கி வர ஒருவருக்கும் தெரியாது.

எனக்குச் சின்னம்மா வேண்டும். அவர் போனபிறகு தலை இழுக்கும் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. அம்மா சீப்பை எடுத்தாலே என் கண் கலங்கிவிடும். சின்னம்மா என்றால் கதை சொல்லிச் சொல்லிச் சிக்கெடுப்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே இருவரும் சேரவேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்ட அம்மா, "இவளுக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் மரக்கறியோடு, வெளிநாட்டுக்குப் பேசும் டெலிபோன் காட் ஒன்றும் வாங்கி வந்தார். முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்ததும் வராததுமாய், போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டு, புட்டுக்கு மா குழைத்தபடியே ரொறன்ரோச் சொந்தங்களை ஒவ்வொருவராகப் பிடிக்கத் தொடங்கினார். அங்கே அப்போதுதான் காலை.

"எங்கட பிள்ளை எல்லே நிக்கிறாள். மறக்காமல் அவளுக்குப் போடுங்கோ. ஒஸ்லோவில இருந்து அக்கா எடுத்துச் சொன்னவ எண்டும் சொல்லுங்கோ."

ஒவ்வொரு அழைப்பும் இப்படித்தான் முடியும். அந்தக் கடைசி வரியைக் கேட்கும்போதெல்லாம், அம்மாவுக்குப் பெருமை அடிக்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்று நான் நினைத்துக்கொள்வேன். ஹோலில் இருந்து அப்பா குரல் கொடுப்பார்.

"இஞ்சேரும், இஞ்சை இருந்துகொண்டே கனடா அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போறீரோ?"

"நீங்கள் ஹீட்டரைக் கூட்டிவிட்டுட்டு உங்கட நியூசைப் பாருங்கோ" என்பார் அம்மா.

சிக்கல் மிசிசாகாவில் இருந்த ஒன்றுவிட்ட பெரியப்பாவிடம் வந்தது. அவர் ஒளிவுமறைவில்லாத மனுசன்.

"பிள்ளை, அவ நிக்கிறது ஸ்காபரோவில. நாங்கள் இருக்கிறது மிசிசாகா. அது வேற தொகுதி. எங்கட வாக்குச்சீட்டில அவவின்ர பேரே வராது."

அம்மாவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. பாவம், அம்மாவிலும் பிழை சொல்ல ஏலாது. முந்தைய செப்டெம்பரில்தான் அவர் நோர்வேத் தேர்தலில் வாக்களித்திருந்தார். இங்கே ஒஸ்லோ முழுவதும் ஒரே தொகுதி. எங்களுக்குப் பக்கத்து ஹோல்ம்லியாவில் இருந்தாலென்ன, நகரத்தின் மறுகோடியில் இருந்தாலென்ன, எல்லோர் கையிலும் அதே சீட்டுத்தான். ரொறன்ரோவைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள் என்று அவர் கண்டாரா?

அம்மா, "அதுக்கென்ன அத்தான். நான் எடுத்துச் சொன்னனான் எண்டு அவளைக் கண்டால் சொல்லுங்கோ" என்று வைத்தார். வைத்த கையோடு பிரம்டனுக்கு எடுத்தார்!

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அம்மா, அதுவும் வேற வால்க்கிறெட்ஸ். அவையும் போடேலாது" என்றேன். தொகுதியை நொர்ஸ்க் மொழியில் சொன்னால் ஏறும் என்று நினைத்தேன். ஏறவில்லை. கலர் பென்சிலால் ரொறன்ரோவைக் கீறி, சின்னம்மாவின் துண்டுக்கு மட்டும் சிவப்பு அடித்துக் காட்டினேன். அம்மா அதை வடிவாகப் பார்த்து, "நல்லாக் கீறியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு, மார்க்கத்துக்கு எடுத்தார். பிறகு மொன்றியலுக்கும் எடுத்தார். அது ரொறன்ரோவே இல்லை.

தேர்தலுக்கு அடுத்தநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு அம்மா எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மாவின் கை என் பின்னலில் இருந்ததால் நான்தான் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினேன்.

"குஞ்சு, அம்மா நிக்கிறாவோ?"

சின்னம்மா! "ஓம், நிக்கிறா. வெண்டிட்டீங்களோ சின்னம்மா?"

"இல்லையடா. மூண்டாவது." சிரிக்கத்தான் பார்த்தார். பிறகு குரல் மாறியது. "அக்கா... மிசிசாகா அத்தான் இந்த வயசில ஸ்னோவுக்குள்ள நிண்டு வீடு வீடாய்த் தட்டினவர். பிரம்டன் ஆக்கள் ஒவ்வொரு நாளும் எங்கள் எல்லாருக்கும் சாப்பாடு கொண்டு வந்தவை. ஒருத்தருக்கும் எனக்குப் போட வோட்டில்லை. ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டால், உன்ர அக்கா எடுத்துச் சொன்னவ எண்டினம்."

அம்மா பின்னி முடித்த பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னத் தொடங்கினார்.

"ஸ்னோவுக்குள்ள திரிஞ்சனி, காதைக் கட்டினனியோடி?" என்று கடைசியில் அதட்டினார். அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. இந்தப் பக்கமும் அழுகை, அந்தப் பக்கமும் அழுகை.

தோற்றதற்காகத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன். போன் வைத்தபிறகு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அழாதேங்கோ அம்மா, அடுத்தமுறை சரியான ஆக்களுக்கு எடுப்பம்" என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா கண்ணைத் துடைத்தபடி சிரித்தார். "சரியான ஆக்களுக்குத்தானம்மா எடுத்தனான்" என்றார்.

பனியில் சறுக்கிச் சறுக்கிப் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. இவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியும், அம்மாவுக்குத் தொகுதி என்றால் என்னவென்று இன்னும் விளங்கவில்லையே.